மனசு சரியில்லைன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றீங்க?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேணும்.

போன வாரம் கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட "ஐ ஆம் டிப்ரஸ்ட்"னு சொல்லிட்டேன். அவங்க உடனே லேப்டாப்பை மூடி வெச்சுட்டு, டாக்டரைப் பார்த்தியான்னு கேட்டாங்க. அன்னைக்கு மனசு கொஞ்சம் பாரமா இருந்துச்சு, அவ்வளவுதான். "டிப்ரஷன்"ங்கிறது ஒரு நோய்க்கும் பேரு. உண்மையிலேயே அதை அனுபவிக்கிறவங்களை நினைச்சா, சும்மா சும்மா சொல்லக் கூடாதுன்னு தோணுது.

தேடிப் பார்த்ததுல "டவுன்", "லோ" ரெண்டும் பேச்சுல சகஜம்னு புரிஞ்சது. "மெலன்கலி" எழுத்துக்குத்தான் பொருந்தும்போல. கிரேக்க மூலத்துல அதுக்குக் கரும்பித்தம்னு அர்த்தம்.

குழப்பம் இங்கதான். எதுவுமே நல்லா முடியாதுன்னு எப்பவும் நினைக்கிறவர் பெஸிமிஸ்ட். மத்தவங்க நோக்கத்தையே சந்தேகப்படுறவர் சினிக். ஆனா ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணித் தோத்த பிறகு, "இனி இது நமக்குக் கைகூடாது"ன்னு மனசு விட்டுப்போகுமே, அதுக்கு என்ன சொல்வீங்க? "ஹோப்லெஸ்" ரொம்பக் கனமா இருக்கு. "டிஸ்கரேஜ்ட்" சரியா வருமா? "வெறுத்துப்போச்சு"க்கு "ஃபெட் அப்" போதுமா, இல்ல அதுல கோபம் தூக்கலா தெரியுமா?

நீங்க தினமும் பேசுற வாக்கியத்தோடயே சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.