கலைச்சொல்: எட்டி நஞ்சில் வரும் இழுப்புக்கு ‘வலிப்பு’ வேண்டாம்

> “எட்டி வலிப்பு என்றே வைத்துவிடலாமே ஐயா, எல்லாருக்கும் சட்டென்று புரியும்.”

தம்பி, வணக்கம். அப்படிப் புரிந்துகொள்வார்களே என்பதுதான் என் கவலை. இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் ஒருவருக்கு வலிப்பு என்றால் ஊரே கூடிவிடும். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், ஒருவர் காலை அமுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் முகத்தில் தண்ணீரை அடித்துப் பெயர் சொல்லிக் கத்துவார். நஞ்சைத் தணிக்கச் சுத்தி செய்யாத எட்டிக்கொட்டையைத் தின்றவருக்கு இவை ஒவ்வொன்றும் அடுத்த இழுப்பைக் கிளப்பிவிடும்.

தசையை அடக்கி வைக்கும்படி தண்டுவடத்தில் சேதி சொல்வது கிளைசின். அந்தச் சேதியை வாங்கும் ஏற்பியை எட்டியின் நஞ்சான ஸ்ட்ரிக்னின் அடைத்துவிடுகிறது. அப்புறம் தசைகள் கடிவாளம் அறுந்த குதிரைதான். முதுகு வில்லாக வளைகிறது, தாடை இறுகுகிறது, மூச்சுத் தசையும் பூட்டிக்கொள்கிறது. அப்போதும் அவருக்கு நினைவு இருக்கிறது. நாம் பேசுவது கேட்கிறது, வலி முழுதும் தெரிகிறது. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற காக்காய் வலிப்பிலோ நினைவு தப்பிவிடும். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: நனவிசிவு, அதாவது நனவு தப்பாமல் வரும் இசிவு. ‘நனவிலி’ ஏற்கெனவே புழங்குகிறது, அதனால் காதுக்கு அந்நியமாக இராது.

வெறும் ‘இசிவு’ போதாதா என்று அக்கா கேட்டிருந்தார். ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) இசிவு என்றே எழுதுகிறோமே அக்கா. அதிலும் நினைவு தப்பாது என்பது சரி. ஆனால் அது நாள்கணக்கில் முற்றும், இழுப்பு விட்ட பிறகும் விறைப்பு நிற்கும். எட்டி நஞ்சு பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் காட்டிவிடும், இடையிடையே தசை தளரும். எனவே ‘எட்டி நனவிசிவு’ என்று முழுதாகவே எழுதுவோம்.

துண்டறிக்கைக்கு நான் எழுதியது: “999-க்கு அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விளக்கைக் குறையுங்கள், சத்தம் வேண்டாம், தேவையில்லாமல் தொடாதீர்கள்.” மருத்துவமனைக்கான பகுதி தனி: முறிமருந்து கிடையாது. இழுப்பை அடக்க டயசிபாம் அல்லது மிடசோலம் மருந்தைச் சிரைவழி ஏற்ற வேண்டும். அடங்காவிட்டால் தசைதளர்த்தி கொடுத்து வென்டிலேட்டர். உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். சிறுநீர் கறுத்தால் தசை சிதைகிறது என்று பொருள், சிறுநீரகத்தைக் காக்க சலைன் ஏற்ற வேண்டும். முதல் சில மணி நேரம் மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு.

முதுகு வளைவதற்கு ‘வில்விறைப்பு’ என்று குறித்திருக்கிறேன். அதைவிட நல்ல சொல் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.