கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குக் கொம்பு சாண உரமும் சாண மூலிகை உரமும் பயன் தருமா?

கிளுவைவேலி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே எங்களுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல் என்று பெரியவர்கள் விட்டுச்சென்ற அமைப்பு இன்னும் அப்படியே உள்ளது. காங்கயம் மாடுகளும் சில மேச்சேரி ஆடுகளும் பகலில் அங்கே மேய்ந்து, இரவில் தோட்டத்துக் கட்டுத்தரைக்கு வந்துவிடுகின்றன. சாணமும் புழுக்கையும் மஞ்சள் வயலுக்குப் போகின்றன.

அண்மை ஆண்டுகளாகப் புல் தூர்கள் மெலிந்து, இடையிடையே சரளை மண் வெறுமையாகத் தெரிகிறது. ஐப்பசி மழைக்குப் பின் தானாக முளைத்துப் படரும் நரிப்பயறும் அரிதாகிவிட்டது. மண் பரிசோதனையில் அங்கக கரிமம் 0.32 சதவீதம், மணிச்சத்து குறைவு என்று வந்திருக்கிறது. உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக்) முறையில் கொம்பு சாண உரமும் சாண மூலிகை உரமும் தெளித்தால் மண் மீளும் என்று ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு இவை ஏற்றவைதானா, எப்போது தெளிப்பது, நாமே தயாரிக்க இயலுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கீழ்மலைப் பால்காரன்:

ஐயா, நாங்கள் கொடைக்கானல் கீழ்மலையில் கறவை மாடுகளுக்கான புல் நிலத்தில் இவற்றைப் பயன்படுத்துகிறோம். கொம்பு சாண உரத்துக்குக் கன்று ஈன்ற பசுவின் கொம்பு வேண்டும்; காளைக் கொம்பு ஆகாது என்பது விதி. கறவைப் பசுவின் புதுச் சாணத்தை அதில் அடைத்து, நீர் தேங்காதபடி வாய்ப்புறம் கீழ்நோக்கி இருக்குமாறு ஒன்றரை அடிக் குழியில் வைத்து மூடி, குளிர்காலம் முழுவதும் விட்டுவிட வேண்டும். ஐப்பசி வாக்கில் புதைத்தால் மாசியில் எடுக்கலாம். தட்டியதும் கருமையாக உதிர்ந்து காட்டு மண்ணின் வாசம் வந்தால் பக்குவமாகிவிட்டது என்று பொருள். உள்ளே பச்சை நிறமும் சாண நாற்றமும் இருந்தால் இன்னும் ஆகவில்லை.

ஏக்கருக்கு 25 முதல் 30 கிராம் போதும். அதை 15 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். நடுவில் ஆழமான சுழி விழும்வரை ஒரு பக்கமாகச் சுற்றி, சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பி நீரைக் குலைத்து, மறுபடியும் சுழி விழச் செய்வதுதான் முறை. மாலையில், மண் ஈரமாக இருக்கும்போது, பெரிய துளிகளாகத் தெளிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைத் தொடவே வேண்டாம்.

உங்கள் பகுதிக்கு ஒரு சிக்கல் உண்டு. மாசியில் உரம் கையில் கிடைக்கும்போது கொறங்காடு காய்ந்து கிடக்கும். காய்ந்த தரையில் தெளிப்பது வீண். கோடை மழை பெய்தால் அப்போது பயன்படுத்தலாம். இல்லையென்றால் மண்பானையில் தேங்காய் நார்க் கழிவு சூழ, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், ஈரம் குறையாமல் அடுத்த பருவம்வரை வைத்திருங்கள்.

சாண மூலிகை உரத்துக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழக் குழி வெட்டிப் பக்கங்களில் மட்டும் செங்கல் வையுங்கள். அடியில் மண் மண்ணாகவே இருக்கட்டும். 60 கிலோ சாணத்துடன் 200 கிராம் முட்டை ஓட்டுத் தூளும் 300 கிராம் கருங்கல் தூளும் பிசைந்து நிரப்பி, மூலிகைத் தயாரிப்புகளை இட்டு, நனைத்த சாக்கால் மூடி வைத்தால் மூன்று மாதத்தில் பக்குவப்படும். ஏக்கருக்கு ஒரு கிலோவை 45 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். அந்த மூலிகைகளான யாரோ (yarrow) செடி, சாமந்தி இனத்துக் கெமோமில், செந்தட்டி, ஓக் மரப்பட்டை, டாண்டிலியன், வலேரியன் ஆகிய ஆறும் சமவெளியில் செய்யக்கூடியவை அல்ல. மலையில் தயாரிப்பவர்களிடம் வாங்க வேண்டியவைதான். மூல முறைப்படி யாரோ செடியின் பூவை ஆண் மானின் சிறுநீர்ப்பையில் வைத்துப் பதப்படுத்துவார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், எதில் வைத்துச் செய்தார்கள் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மண்கட்டி:

முந்தைய பதிவில் செய்முறை தெளிவாக உள்ளது. பயன் குறித்து எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு.

இந்த முறை 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது. ஊர் அன்று ஜெர்மனியில், இன்று போலந்தில் உள்ளது. ஆதரவாளர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது, சுவிட்சர்லாந்தில் பாசலுக்கு அருகே தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் நடக்கும் நீண்டகால ஆய்வை. அதன் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. இயற்கை முறைகளில் விளைச்சல் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தாலும் மண் உயிர்கள் செழித்திருந்தன. உயிராற்றல் முறைப் பாத்திகள் அதில் முன்னணியில் நின்றன. ஆனால் அந்தப் பாத்திகளுக்கு நன்கு மக்கவைத்த எருவும் இடப்பட்டது. எனவே பெருமை மூலிகைத் தயாரிப்புக்கா, மக்கிய எருவுக்கா என்பதை அந்த ஒப்பீட்டைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தயாரிப்புகள் இட்ட எருக்குவியல் சராசரியாக 3.4 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டுடன் மக்கியது. இறுதியில் நைட்ரேட்டும் 65 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் அதே குழு வயல் மண்ணை ஆராய்ந்தபோது, வெறும் எரு இட்ட மண்ணுக்கும் தயாரிப்பு சேர்த்த எரு இட்ட மண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 25 கிராம் கொம்பு உரத்தில் அரை கிராமுக்கு மேல் தழைச்சத்து இருக்காது. ஒரு நாட்டு மாடு ஒரு நாளில் போடும் சாணத்தில் அதைப்போலப் பல மடங்கு உண்டு. அந்தச் சாணத்தை நீங்கள் ஆண்டாண்டாக மஞ்சள் வயலுக்கு அனுப்பி வருகிறீர்கள். கொறங்காட்டின் மணிச்சத்தும் கரிமமும் மாடுகளின் வயிறு வழியாகத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்பதே என் கணிப்பு. எந்தத் தெளிப்பும் போன மணிச்சத்தைத் திரும்பக் கொண்டுவராது.

கிளுவைவேலி:

இருவருக்கும் நன்றி. சாணம் அங்கேயே விழ மாடுகளை இரவில் காட்டிலேயே விடலாம்தான்; ஆனால் அதற்கு நாய்த் தொல்லை தடையாக உள்ளது. தயாரிப்புகளை முயலாமல் விட்டுவிடவும் மனம் வரவில்லை. பஞ்சாங்கத்தின் கீழ்நோக்கு நாளில் தெளித்தால் போதுமா?

மூலனூர் பட்டிக்காரர்:

தம்பி, பஞ்சாங்கத்துக் கீழ்நோக்கு நாள் நட்சத்திரத்தை வைத்துச் சொல்லப்படுவது. உயிராற்றல் வேளாண்மைக்காரர்களின் நாட்காட்டியில் வரும் இறங்கு நிலவு வானில் நிலவின் பாதை தெற்கு நோக்கிச் சரியும் நாட்களைக் குறிப்பது. இரண்டும் ஒன்றல்ல, வளர்பிறை தேய்பிறையும் வேறு. என்னைக் கேட்டால் மண்ணில் ஈரம் இருக்கும் மாலையே நல்ல நாள்.

மாடுகளை விட முடியாவிட்டால் ஆட்டுப்பட்டி போடுங்கள். ஆள் காவலோடு கிடை அமர்த்துபவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். புல் மெலிந்த சரளைப் பகுதியில் தொடங்கி, சில இரவுகளுக்கு ஒருமுறை பட்டியை நகர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் வேண்டிய இடத்தில் விழும். எட்டு ஏக்கரையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாமல் நான்காகத் தடுத்து, மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் விதை உதிர்க்கும்வரை ஒரு பங்கையாவது மூடி வையுங்கள். வெறுமையான இடத்தில் முயல் மசால் என்ற தீவனச் செடியும் நரிப்பயறும் விதையுங்கள்.

தயாரிப்புகளைச் சோதிக்க விரும்பினால், பட்டி போட்ட ஒரே பங்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் தெளித்து, மேய்ச்சலை இரண்டிலும் சமமாக நடத்துங்கள். மாடுகளை உள்ளே விடும் முன் இரு பாதியிலும் பல இடங்களில் ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்துப் புல்லை அறுத்து, உலர்த்தி எடை போடுங்கள். ஒரு பருவ மழையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எடையை இங்கேயே பதிவிட்டால் எங்களுக்கும் உதவும்.