புதுப்பிப்பு: 3,000 சுற்றுக்கு மேல் திணறிய இன்ஜின், காரணம் அடாப்டர் வயரிங்தான்

பழைய காரில் வேறு தலைமுறை இன்ஜினையும் அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வையும் பொருத்தி, கனெக்டர்கள் பொருந்தாததால் ஆயத்த அடாப்டர் வயரிங் வாங்கினேன் என்று எழுதியிருந்தேன். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) சீராக ஓடிய இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டியதும் திணறியது. பெட்ரோல் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று பலர் சொன்னீர்கள். இரண்டையும் சோதித்தேன், குறை இல்லை.

இன்ஜின் தண்டின் சுழற்சியை ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்களும் அடாப்டருக்குள் இடம் மாறியிருந்தன. என் சென்சார் காந்தச் சுருள் வகை. மல்டிமீட்டரில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே மின்தடைதான் காட்டும். அதனால்தான் இரண்டு வாரம் ஏமாந்தேன். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் வைத்ததும் தெரிந்துவிட்டது. சென்சார் கவனிக்கும் 60 பல் சக்கரத்தில், அடையாளத்துக்காக 2 பல் விடப்பட்ட இடத்தில் அலை செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்க வேண்டும். துருவம் மாறியதால் அங்கே சாய்வாக இழுபட்டது. வேகம் கூடும்போது ஈ.சி.யூ. அந்த இடைவெளியைத் தவறவிட்டது, தீப்பொறியும் தடம் புரண்டது.

டெர்மினல்களைக் கழற்றி மாற்றிச் செருகினேன். இப்போது 6,000 வரை தடையின்றி ஏறுகிறது! அந்த ஒலியைக் கேட்டபோது அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

திறந்த கையோடு இன்னொன்றையும் திருத்தினேன். சென்சார் கிரவுண்டையும் இன்ஜெக்டர் கிரவுண்டையும் அடாப்டர் செய்தவர்கள் ஒரே முடிச்சில் சேர்த்திருந்தார்கள். பிரித்ததும் ரேடியேட்டர் விசிறி ஓடும்போது வெப்பநிலை அளவு குதிப்பது நின்றது. கனெக்டர் பொருந்துகிறது என்பதை நம்பாதீர்கள். காரின் வயரிங் வரைபடத்தையும் இன்ஜினின் வயரிங் வரைபடத்தையும் வைத்து, கனெக்டரின் ஒவ்வொரு முனையாக (pin) சரிபாருங்கள்.

இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் மட்டும் இன்னும் பாதி அளவே காட்டுகிறது.