ஆட்டு இதயத்தில் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

வட்டக்கச்சி அம்மா:
மகள் 11ஆம் தரம். விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் இதயப் படத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். ஆனால் இரத்தம் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் கண் கலங்குகிறது. சரி, கையில் கொடுத்துப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கத்தியை வைக்கப் போனார். "ஐயோ, வெட்டாமல் தாங்கோ" என்று மறித்தேன்.

கிணற்றடியில் கழுவி, ஆகத் தடித்த குழாய்க்குள் செம்பால் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே இறங்காமல் நின்றது. "அம்மா, வால்வு பூட்டிட்டுது!" என்று துள்ளினாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கிவிட்டது. வால்வு பழுதா?

இன்னொன்று. ஒரு பக்கம் கல்லுப் போல இறுக்கம், மற்றப் பக்கம் தொளதொளப் பை. இரண்டு பக்கத்தாலும் அதே இரத்தம்தானே போகிறது? யூரியூப்பில் ஒரு இந்திய ஆசிரியர் வேறு தமனி, சிரை என்று சொல்லி அவளை இன்னும் குழப்பிவிட்டார்.

விசுவமடு பம்புக்காரன்:
அக்கா, நான் டொக்டர் இல்லை, தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பக்கத்துக் கச்சான் பாத்திக்குத் தண்ணீர் விடச் சின்னப் பம்பு போதும். அதே அளவு தண்ணீரை உயரத் தாங்கிக்கு ஏற்றப் பெரிய மோட்டார் வேண்டும். தண்ணீர் ஒன்றுதான், தள்ளும் வலுத்தான் வேறு. வால்வும் கிணற்றுக்குள் கிடக்கும் புட்வால்வு மாதிரித்தான். யாரும் பூட்டத் தேவையில்லை, திரும்பி வரும் தண்ணீரே அதை மூடிவிடும்.

ஓய்வுபெற்ற தாதி, முள்ளியவளை:
தம்பி சொன்னது சரி. வலது இதயவறை, அதாவது வலப்பக்கக் கீழறை, பக்கத்திலேயே இருக்கும் சுவாசப்பைக்குத்தான் தள்ளுகிறது. அதற்கு 25 மில்லிமீற்றர் இரச அழுத்தம் போதும். இடது இதயவறை உச்சி முதல் கால் விரல் வரை அனுப்ப வேண்டும், அதனால் 120 வரை எழுப்புகிறது. இரண்டும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர்தான். ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால், ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி ஏழு நிரம்பும்.

பிள்ளையிடம் சொல்லுங்கள்: இதயத்தில் இருந்து புறப்பட்டால் நாடி, திரும்பி வந்தால் நாளம். இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. சுவாசப்பை நாடி இதயத்தில் இருந்து புறப்படுவதால் நாடிதான், ஆனால் அதில் போவது ஒட்சிசன் குறைந்த இரத்தம். அதனால்தான் அதைப் படத்தில் நீலத்தில் போட்டிருக்கிறார்கள். தமனியும் சிரையும் அதே இரண்டுதான், சோதனைத்தாளில் எங்கள் புத்தகச் சொல்லையே எழுதட்டும். படத்தில் இடது என்பது எங்களுக்கு வலப்பக்கம், அதையும் மறக்கக் கூடாது.

இனி உங்கள் தண்ணீர். வால்வு பழுதில்லை. நீங்கள் ஊற்றியது, இடது இதயவறையில் இருந்து உடலுக்குப் புறப்படும் பெருநாடிக்குள். அந்த வால்வுக்குச் சற்று மேலே சுவரில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். இதயம் தனக்கே இரத்தம் எடுத்துக்கொள்ளும் முடியுரு நாடிகளின் வாய்கள் அவை. தண்ணீர் அந்த வழியால் கசிந்திருக்கும். இவ்வளவு இரத்தத்துக்கு நடுவில் கிடந்தும் இதயத் தசைக்கு அந்த இரண்டு குழாய்தான் கதி. அதிலும் சுருங்கும்போது தசையே குழாய்களை நசுக்கிவிடும், இடது பக்கத்துக்குப் பெரும்பங்கு இரத்தம் தளரும் நேரத்தில்தான் போகிறது. அவற்றில் ஒன்று அடைத்தால் மாரடைப்பு.

வட்டக்கச்சி அம்மா:
நன்றி அக்கா. இந்த ஞாயிறு இன்னொன்று வாங்கினோம். பெருநாடியை நீளத்துக்குப் பிளந்து பார்த்தால், நீங்கள் சொன்ன இடத்தில் துளை இரண்டும் இருந்தன. மகள் ஒரு ஈர்க்கை மெல்ல உள்ளே விட்டாள். கொழுப்புக்குக் கீழே போகும் பாதை வெளியிலேயே புடைத்துத் தெரிந்தது. அறைக்குள் வால்வு ஓரங்களைக் கட்டி இழுத்த வெள்ளை நாண்களையும் எண்ணத் தொடங்கினாள், பாதியில் விட்டுவிட்டாள். முதல் வாரத்து இதயத்தைக் கறி வைத்தேன். இதைச் சமைக்க விடமாட்டாளாம், ரியூசனுக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.