காலபோக நேரம் உறைகிற ஜாவா செயலி: திரெட் டம்ப் எடுப்பது எப்படி?

பரந்தன்காரன்:
நெல் மில்லில் எடைச்சிட்டை போடுகிற ஜாவா செயலி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு சேர்வர், ஜாவா 11. காலபோக (மாரி நெற்செய்கை) அறுவடை தொடங்கி வாசலில் நெல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர்கள் (இருசக்கர உழவு இயந்திரங்கள்) நிற்கிற நேரம்தான் உறைகிறது. சிபியு ஏறுவதில்லை, பதிவுக் கோப்பிலும் ஒன்றும் இல்லை. ரீஸ்டார்ட் பண்ணினால் ஓடும், பிறகு திரும்பவும் நிற்கும். கமக்காரர் வெயிலில் காய்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி உண்டா?

வவுனியா அக்கா:
தம்பி, உறைந்தவுடன் ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம், காரணமும் சேர்ந்து அழிந்துவிடும். ஜேபிஎஸ் (jps) கட்டளையில் செயலியின் புரொசஸ் இலக்கத்தை எடுங்கள். அப்புறம் ஜேஸ்டாக் -எல் (jstack -l), பக்கத்தில் அந்த இலக்கம். வருவதுதான் திரெட் டம்ப்: செயலிக்குள் தனித்தனியே ஓடுகிற ஒவ்வொரு வேலையும் (திரெட்) அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்கிற பட்டியல். அதை ஒரு கோப்பில் சேமியுங்கள். செயலி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பெயரில் நுழைந்து எடுங்கள்.

ஒரு டம்ப் போதாது. பத்து செக்கன் விட்டு விட்டு குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் ஒரே வரியில் நிற்கிற திரெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளாக்ட் என்று வரிசையாகக் கிடப்பவை வெறுமனே காத்திருப்பவை. அவை கேட்கிற லாக்கின் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டு) முகவரியைத் தேடி, அதை வைத்திருப்பது எந்தத் திரெட் என்று பாருங்கள். டெட்லாக் (ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று மாறி மாறிக் காத்து நிற்பது) என்றால் டம்பின் கடைசியில் ஜாவாவே சொல்லிவிடும்.

மாங்குளத்தான்:
சேர்வரில் ஜேடிகே (அக்கா சொன்ன கட்டளைகள் அடங்கிய ஜாவா கருவித்தொகுப்பு) இல்லையென்றால் கில் -3 (kill -3), பக்கத்தில் புரொசஸ் இலக்கம் கொடுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், செயலி சாகாது. செயலி சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளை ஓட்டுகிற நிர்வாகி) ஓடினால் டம்ப் அதன் பதிவான ஜேர்னலில் கிடக்கும்.

பரந்தன்காரன்:
அக்கா, இன்று மத்தியானம் அகப்பட்டது! மூன்றிலும் ஒரு திரெட் சாக்கெட்ரீட்0 இல் (socketRead0, நெட்வேர்க் இணைப்பான சாக்கெட்டிலிருந்து தரவு வாசிக்கிற இடம்) நிற்கிறது, மின்தராசை வாசிக்கிற இடம். லாக் அதன் கையில், மற்றவை எல்லாம் பிளாக்ட். ஆனால் அது ரன்னபிள் என்று காட்டுகிறதே, ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

வவுனியா அக்கா:
இல்லை தம்பி. சாக்கெட்டில் காத்திருப்பது இயங்குதளத்துக்குள் நடக்கிறது. ஜாவாவுக்கு அது தெரியாததால் ரன்னபிள் என்றே எழுதும். சிபியு ஏறாததும் அதனால்தான். டைம்அவுட் (காத்திருப்புக்கு நேர எல்லை) வைக்காத சாக்கெட், தராசு பேசாமல் போனால் முடிவில்லாமல் காத்திருக்கும். செட்எஸ்ஓடைம்அவுட் (setSoTimeout) 5000 போடுங்கள், அது மில்லிசெக்கன் கணக்கு.

அதோடு விட்டுவிடாதீர்கள். தராசு மக்கர் பண்ணுகிற ஒவ்வொரு முறையும் எல்லாச் சிட்டையும் ஐந்து செக்கன் நிற்கும். தராசை வாசிக்க ஒரு லாக், சிட்டை எழுத வேறு லாக் என்று பிரியுங்கள். பழைய நெல்லுக்குச் சிட்டை கேட்டு நிற்பவர் தராசுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? மாற்றிய பிறகு, தராசின் கேபிளை வேண்டுமென்றே கழற்றிவிட்டு இன்னொரு டம்ப் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.