சிலிக்கான் டெட்ராகுளோரைடு மட்டும் ஏன் புகைகிறது?

கேள்வி: கார்பன் டெட்ராகுளோரைடைத் தண்ணீரில் ஊற்றினால் அது பாட்டுக்கு அடியில் தங்கிவிடுகிறது. சிலிக்கான் டெட்ராகுளோரைடோ பாட்டிலைத் திறந்ததுமே வெள்ளையாகப் புகைகிறது. சிலிக்கானில் காலியாக இருக்கும் டி ஆர்பிட்டால்தான் (எலக்ட்ரான் தங்கக்கூடிய இடம்) காரணம் என்று கைடில் இருக்கிறது, அவ்வளவுதானா?

பதில் 1: பரீட்சைக்கு அதையே எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஆனால் அந்த விளக்கம் இப்போது அவ்வளவாக எடுபடுவதில்லை. சிலிக்கான் அணு பெரியது, நான்கு குளோரின் சுற்றி நின்றாலும் தண்ணீரின் (காற்றிலுள்ள ஈரமும் தண்ணீர்தானே) ஆக்சிஜன் நுழைய இடமிருக்கிறது, அது ஐந்தாவதாக ஒட்டிக்கொள்ள, ஒரு குளோரின் கழன்று ஹைட்ரஜன் குளோரைடாகப் போகிறது, இப்படியே நான்கும் போய்க் கடைசியில் சிலிக்கா (சிலிக்கான் டை ஆக்சைடு) மிஞ்சும். கார்பன் சின்னது, வழியே இல்லை. ஆற்றல் கணக்குப்படி கார்பன் டெட்ராகுளோரைடும் வினைபுரிய வேண்டியதுதான், வேகம்தான் கிடையாது.

பதில் 2: பாட்டில் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி மூடி இறுகிப்போகுமே, அதுவும் இந்த சிலிக்காதான். ஃபியூம் ஹூடுக்கு (லேபில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) வெளியே திறந்துவிடாதீர்கள், மூக்கு எரியும்.

கேள்வி கேட்டவர்: சரி, சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு?

பதில் 1: அது இன்னும் ஒரு படி மேலே. ஃபுளோரின் சின்னது என்பதால் ஆறு கூடச் சுற்றி நிற்கலாம். தண்ணீரில் விட்டால் சிலிக்காவோடு, அப்படி ஆறு ஃபுளோரின் சுற்றி நிற்கும் ஹெக்ஸாஃபுளோரோசிலிசிக் அமிலமும் வரும்.