பட்டாளத்து டாக்டரின் கிளினிக்குக்கு ஸ்கேன் எந்திரம் வேண்டாம்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ராணுவத்தில் குறுகிய காலப் பணி முடித்து வரும் டாக்டர் ஊரில் கிளினிக் போடுகிறார், ஸ்கேன் எந்திரம் வாங்கித் தரலாமா என்று மூன்று மடல்கள் வந்திருக்கின்றன. வேண்டாம். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு அதைக் கொடுப்பதே குற்றம். அவருக்கு என்ன தேவை என்பது, அவர் இதுவரை யாருக்கு வைத்தியம் பார்த்தார் என்பதைப் பொறுத்தது.

இந்தப் பணியில் டாக்டர்கள் கேப்டனாகச் சேருகிறார்கள், லக்னோவில் அடிப்படைப் பயிற்சி எடுக்கிறார்கள். நீட்டிப்பு சேர்த்து அதிகபட்சம் 14 ஆண்டு. அதன் பிறகும் பென்ஷன் கிடையாது, பணிக்கொடை மட்டுமே. நாற்பதை ஒட்டிய வயதில் தொழிலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

படைப்பிரிவின் எம்.ஐ. ரூமில் (மருத்துவப் பரிசோதனை அறை) காலையில் சிக் ரிப்போர்ட்டுக்கு, அதாவது உடம்பு சரியில்லை என்று காட்ட, வருகிறவர்கள் பெரும்பாலும் இளவயது ஆண்கள், உடற்தகுதியில் ‘ஷேப்-1’ என்ற முழுத்தகுதி வாங்கியவர்கள். மருந்து இலவசம். ஓய்வு என்று டாக்டர் எழுதிவிட்டால் அன்றைக்கு டியூட்டி கிடையாது. ஊரில் இதெல்லாம் தலைகீழ். கால் எரிச்சல் நின்றதும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அறுவடை நாளில் ஓய்வெடு என்றால் சிரிப்பார்கள். ஆகவே முதலில் வேண்டியது ஆளுக்கொரு கெட்டி அட்டை: தேதி, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரை எத்தனை நாளுக்கு வாங்கினார்கள். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். 30 நாளுக்கு எழுதி 10 நாளுக்கு வாங்கியிருந்தால் அவர்களால் வாங்க முடிகிற மருந்தாக மாற்ற வேண்டும், அளவைக் கூட்டக் கூடாது.

ரத்த அழுத்தக் கருவிக்கு மூன்று அளவில் கைப்பட்டை வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், மெலிந்த பாட்டி கையில் பெரியது குறைத்துக் காட்டும். அடுத்தது குழந்தை எடை பார்க்கும் தராசு. பாராசிட்டமால் வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி.; 10 கிலோ குழந்தைக்கு 150. ஆனால் கடையில் 5 மி.லி.க்கு 125 மி.கி. சிரப்பும் உண்டு, 250-உம் உண்டு, ஒரு மி.லி.க்கே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் உண்டு. முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3, சொட்டு மருந்தில் ஒன்றரை. ‘6 மி.லி.’ என்று மட்டும் எழுதி, கடைக்காரர் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். சீட்டில் மி.கி.யும் எழுதச் சொல்லுங்கள்.

ராணுவ டாக்டரிடம் வேறு டாக்டர்களிடம் எளிதில் கிடைக்காத பழக்கம் ஒன்று உண்டு: சமையற்கூடத்தையும் தண்ணீரையும் சோதிப்பது அவர் அன்றாட வேலை. தண்ணீரைச் சுத்தப்படுத்த எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று காட்டும் ஹாராக்ஸ் பெட்டி ஒன்று வாங்கித் தருவது ஸ்கேனைவிட எவ்வளவோ மேல். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் ஒருவர் உருவாக்கியது. ஆறு வெள்ளைக் கிண்ணம், உள்ளே கோடு போட்ட ஒரு கறுப்புக் கிண்ணம், 2 கிராம் கரண்டி, சொட்டுக்குழாய், ஸ்டார்ச்-அயோடைடு கரைசல்.

ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைத் தலைதட்டிக் கறுப்புக் கிண்ணத்தில் போட்டுக் குழைத்து, கோடுவரை தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளியவிடுங்கள். வெள்ளைக் கிண்ணங்களில் தொட்டித் தண்ணீர். தெளிந்த கரைசலில் முதல் கிண்ணத்துக்கு ஒரு சொட்டு, இரண்டாவதற்கு இரண்டு என்று ஆறுவரை. கலக்கி அரை மணி நேரம் வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச்-அயோடைடு விட்டால், குளோரின் மிஞ்சிய கிண்ணங்கள் நீலமாகும். மூன்றாவதில் முதன்முதலாக நீலம் தெரிந்தால் 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறத்தாழ 400 கிராம் வரும்.

தவறு நடப்பது பவுடரில்தான். புதிதில் 33 சதவீதம் குளோரின். ஈரச் சாக்கில் கிடந்தால் பறந்துவிடும். சோதனைக்கு ஒரு மூட்டையும் தொட்டிக்கு இன்னொன்றும் எடுத்தால் கணக்கே பொய். பவுடரைத் தொட்டியில் நேரடியாகக் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கும். வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். தொட்டிக்காரரை உடன் வைத்துக்கொண்டு டாக்டர் இரண்டு முறை செய்து காட்டினால் போதும்.

கிளினிக் பதிவு, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் இரண்டும் அவர் பொறுப்பு. நாம் தராசு, கைப்பட்டை, அட்டை, ஹாராக்ஸ் பெட்டி நான்குக்கும் விலைப்புள்ளி வாங்குவோம். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.

– மருத்துவ உதவிக் குழு